விரல் நுனியில் நிற்கும் விமானம்: மாதிரி விமானத்தின் ஈர்ப்பு மையத்தை எங்கே வைப்பது, ஏன் அங்கே வைப்பது?

மாதிரி விமானம் கட்டுகிறவர்கள், பசை காய்ந்து, உறை ஒட்டி, வாலிலும் இறக்கையிலும் அசையும் பகுதிகளை இயக்கும் சிறு மோட்டார்களான சர்வோக்களை இணைத்து முடித்த அன்று மாலையே தவறாமல் ஒரு காரியத்தைச் செய்வார்கள். உடற்பகுதிக்கு இருபுறமும், இறக்கையின் அடியில், இரண்டு சுட்டுவிரல் நுனிகளைக் கொடுத்து விமானத்தை மெதுவாகத் தூக்குவார்கள். மூக்கு தாழ்ந்தால் விரல்களைச் சற்று முன்னால் நகர்த்துவார்கள்; வால் தாழ்ந்தால் பின்னால் நகர்த்துவார்கள். ஏதோ ஓர் இடத்தில் விமானம் எந்தப் பக்கமும் சாயாமல் கிடைமட்டமாக நிற்கும். அந்த இடம்தான் அதன் சமநிலைப் புள்ளி. பாடப்புத்தகத்தில் அதற்குப் பெயர் ஈர்ப்பு மையம். பறக்கவிடும் திடலில் எல்லோரும் சொல்வது சி.ஜி.

இந்தச் சோதனை ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும். ஆனால் அது ஒரே ஒரு கேள்விக்குத்தான் விடை சொல்கிறது: எடை முழுவதும் திரண்டு நிற்கும் இடம் இப்போது எது? அந்த இடம் எதுவாக இருக்க வேண்டும் என்பது வேறு கேள்வி. அதற்கான விடை எடையில் இல்லை. இறக்கையிலும் வாலிலும் காற்று செய்யும் வேலையில் இருக்கிறது. விரலில் நேராக நின்ற விமானம் வானத்திலும் நேராக நிற்கும் என்று புதியவர்கள் பலர் நம்பிவிடுகிறார்கள். செங்கல்லும் ஓர் இடத்தில் விரலில் நேராக நிற்கத்தான் செய்யும். முதல் பறப்பிலேயே விமானத்தை இழப்பவர்களில் கணிசமானோர் இந்த இரண்டு கேள்விகளையும் ஒன்றாக்கிக் குழப்பிக்கொண்டவர்கள் என்பது என் எண்ணம். ஆகவே இரண்டாவது கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

பேச்சு பொதுப்படையாகப் போகாமல் இருக்க ஒரு விமானத்தைக் கையில் வைத்துக்கொள்வோம். நான் கட்டிய பயிற்சி விமானம் ஒன்றின் அளவுகள் இவை. இறக்கை முனையிலிருந்து முனைவரை 1500 மி.மீ.; முன்விளிம்பிலிருந்து பின்விளிம்புவரை அதன் அகலம் எங்கும் ஒரே சீராக 220 மி.மீ. வாலில் கிடைமட்டமாக இருக்கும் பலகை 480 மி.மீ. நீளம், 120 மி.மீ. அகலம். இறக்கை உடற்பகுதியின் மேலே அமர்ந்திருக்கிறது. பேட்டரியோடு சேர்த்துப் பறக்கும் எடை 1200 கிராம். அதன் வரைபடத்தில், இறக்கையின் முன்விளிம்பிலிருந்து 64 மி.மீ. பின்னால், நான்காகப் பிரித்து எதிரெதிர்க் கால்களைக் கறுப்பாக்கிய, ஈர்ப்பு மையத்துக்கான அந்த வட்டக் குறி போடப்பட்டிருந்தது. இறக்கை அகலத்தில் 29 சதவீதம். ஏன் 29? ஏன் நட்டநடுவான 50 இல்லை?

சீராகப் பறந்துகொண்டிருக்கும் விமானத்தைக் கீழிருந்து வரும் ஒரு காற்று சற்றே மூக்கு தூக்கிவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். இறக்கை காற்றைச் சந்திக்கும் கோணம் கூடுகிறது. அதனால் தூக்குவிசையும் கூடுகிறது. அப்படிக் கூடுதலாகப் பிறக்கும் விசை இறக்கையின் நடுவில் செயல்படுவதில்லை. முன்விளிம்பிலிருந்து கால்பங்கு தொலைவில், அதாவது 25 சதவீதப் புள்ளியில் செயல்படுகிறது. நாம் பறக்கவிடும் வேகங்களில் ஏறக்குறைய எல்லா வகை இறக்கைகளுக்கும் இது பொருந்தும். அதே நேரத்தில் வால் பலகையின் கோணமும் கூடுகிறது, அங்கும் கூடுதல் விசை பிறக்கிறது. வாலின் பரப்பு சிறியது என்றாலும் அது தொலைவில் இருப்பதால் அதன் சொல்லுக்கும் மதிப்பு உண்டு. இறக்கையின் கூடுதல் விசையையும் வாலின் கூடுதல் விசையையும் சேர்த்து ஒரே விசையாகக் கருதினால், அது இறக்கையின் கால்பங்குப் புள்ளிக்குப் பின்னால் ஓர் இடத்தில் செயல்படும். அந்த இடத்துக்கு நடுநிலைப் புள்ளி என்று பெயர்.

இனி எல்லாம் அந்த நடுநிலைப் புள்ளிக்கும் ஈர்ப்பு மையத்துக்கும் உள்ள உறவுதான். விமானம் வானத்தில் சுழல்வதென்றால் தன் ஈர்ப்பு மையத்தைச் சுற்றித்தான் சுழலும். ஈர்ப்பு மையம் நடுநிலைப் புள்ளிக்கு முன்னால் இருந்தால், காற்று மூக்கைத் தூக்கியதும் பிறக்கும் கூடுதல் விசை மையத்துக்குப் பின்னால் மேல்நோக்கித் தள்ளுகிறது. மூக்கு தானாகவே கீழே திரும்புகிறது. மையம் பின்னால் போய்விட்டால் அதே விசை மையத்துக்கு முன்னால் தள்ளுகிறது. தூக்கிய மூக்கு இன்னும் தூக்கப்படுகிறது, விமானியின் கை தடுக்கும்வரை அது நிற்காது. இரண்டும் ஒரே இடத்தில் இருந்தால் விமானம் எந்தக் கோணத்தில் விடப்பட்டதோ அந்தக் கோணத்திலேயே கிடக்கும். திருத்திக்கொள்ளவும் செய்யாது, மேலும் கெடுக்கவும் செய்யாது. இந்த இரண்டு புள்ளிகளுக்கும் இடைப்பட்ட தொலைவை இறக்கை அகலத்தின் சதவீதமாகச் சொல்வது வழக்கம். அதை நிலைத்தன்மை இடைவெளி என்று இங்கே சொல்கிறேன். வரைபடத்தில் உள்ள வட்டக் குறி உண்மையில் குறிப்பது இந்த இடைவெளியைத்தான்; 64 என்ற எண்ணுக்குத் தனியாக எந்தப் பொருளும் இல்லை.

நடுநிலைப் புள்ளியை விரலால் தொட்டுக் கண்டுபிடிக்க முடியாது, ஆனால் தோராயமாகக் கணக்கிட முடியும். வால் பலகையின் பரப்பை, இறக்கையின் கால்பங்குப் புள்ளியிலிருந்து வாலின் கால்பங்குப் புள்ளிவரை உள்ள தொலைவால் பெருக்க வேண்டும். என் விமானத்தில் அந்தத் தொலைவு 650 மி.மீ. வந்த விடையை இறக்கைப் பரப்பு, இறக்கை அகலம் ஆகிய இரண்டின் பெருக்கத்தால் வகுக்க வேண்டும். வால் எவ்வளவு வலிமையோடு வேலை செய்கிறது என்பதைச் சொல்லும் இந்த எண் 0.52 என்று வந்தது. அடுத்து, இறக்கையின் நீளத்தை அகலத்தால் வகுத்தால் 6.8, அதன் வர்க்கமூலத்துக்கு மறுபடி வர்க்கமூலம் கண்டால் 1.6. இந்த இரண்டையும் பெருக்கி, நான்கால் வகுத்து, 0.25 கூட்டினால் 0.46 கிடைக்கிறது. அதாவது நடுநிலைப் புள்ளி முன்விளிம்பிலிருந்து இறக்கை அகலத்தின் 46 சதவீதத்தில், சுமார் 101 மி.மீ.இல் இருக்கிறது. உடற்பகுதியும் முன்னால் சுழலும் புரொப்பெல்லரும் அதைக் கொஞ்சம் முன்னால் இழுக்கும் என்பதால் 95 மி.மீ. என்று எடுத்துக்கொள்வது பத்திரம். வரைபடம் சொன்ன 64 மி.மீ. இதற்கு 31 மி.மீ. முன்னால், நிலைத்தன்மை இடைவெளி 14 சதவீதம். புதியவர் கையில் கொடுக்கும் விமானத்துக்குத் தகுந்த அளவு. பழகியவர்கள் 5 முதல் 10 சதவீதத்தில் பறக்கவிடுவார்கள்.

வாலின் பரப்பும் தொலைவும் மாறினால் நடுநிலைப் புள்ளியும் மாறுகிறது என்பதை இந்தக் கணக்கே காட்டுகிறது. அதனால்தான் 'எந்த விமானமானாலும் மூன்றில் ஒரு பங்கு' என்று சொல்லப்படும் பொது விதியை நான் ஏற்பதில்லை. வாலே இல்லாத பறக்கும் இறக்கைக்கு நடுநிலைப் புள்ளி கால்பங்கை ஒட்டியே நிற்கும். ஆகவே அதன் ஈர்ப்பு மையம் 15 முதல் 20 சதவீதத்துக்குள் இருந்தாக வேண்டும், மூன்றில் ஒரு பங்கில் வைத்தால் அது கையை விட்ட கணமே புரளும். மாறாக, ரேடியோ இல்லாமல் தன் போக்கில் பறக்கும் ரப்பர் விமானங்களில் வால் பெரியது, தொலைவும் அதிகம். அவற்றின் மையம் 50 சதவீதத்துக்கும் பின்னால் இருப்பது சாதாரணம். நுனியை நோக்கிக் குறுகும் இறக்கையில் அளவெடுக்க வேண்டியது சராசரி அகலம் விழும் இடத்தில், உடற்பகுதியை ஒட்டிய இடத்தில், அதாவது வேரில், அல்ல. வேரில் 260 மி.மீ., நுனியில் 180 மி.மீ. உள்ள இறக்கைக்கு அந்தச் சராசரி 222 மி.மீ. இறக்கை பின்னோக்கிச் சரிந்தும் இருந்தால், வேரிலிருந்து அளப்பதற்கும் சராசரி அகலத்திலிருந்து அளப்பதற்கும் உள்ள வேறுபாடு சில சென்டிமீட்டர்கூட வரும். வரைபடத்தில் ஒரு பக்க இறக்கையை வரைந்து, வேரின் முன்னும் பின்னும் நுனியின் அகலத்தையும், நுனியின் முன்னும் பின்னும் வேரின் அகலத்தையும் நீட்டி, குறுக்கே கோடிழுத்துச் சந்திப்பைக் காண்பது கணக்கு வராதவர்களும் செய்யக்கூடிய பழைய வழி.

இந்த அறிவு பெரிய விமானங்களிலிருந்து மாதிரி விமானங்களுக்கு இறங்கி வந்ததல்ல; வந்த பாதை நேர் எதிர். 1804இல் இங்கிலாந்தின் யார்க்ஷயரில் ஜார்ஜ் கேலி ஒரு நீண்ட கோலில் பட்டத்தை இறக்கையாகவும், பின்னால் திருப்பக்கூடிய வாலையும் கட்டி எஞ்சின் இல்லாத ஒரு சிறு சறுக்கு விமானம் செய்தார். அதன் முன்பகுதியில் நகர்த்தக்கூடிய ஓர் எடையையும் வைத்தார். ஈர்ப்பு மையத்தைத் தேவைக்கேற்ப நகர்த்த வேண்டும் என்ற எண்ணம் மனிதன் எஞ்சினோடு பறப்பதற்கு ஒரு நூற்றாண்டு முன்பே, ஒரு மாதிரி விமானத்தில் பிறந்திருக்கிறது. 1871 ஆகஸ்ட்டில் பாரிஸின் துய்லரி தோட்டத்தில் அல்போன்ஸ் பெனோ முறுக்கிய ரப்பரால் இயங்கிய சிறு விமானத்தைப் பறக்கவிட்டார். அது 11 விநாடி தானாகவே நிலைகுலையாமல் பறந்தது. எடையை முன்னால் வைத்து, அதனால் மூக்கு கவிழாமல் இருக்க வால் பலகையை இறக்கையைவிடக் குறைந்த கோணத்தில் பொருத்தியதுதான் அவர் கண்டறிந்த உத்தி. இன்று நாம் கட்டும் ஒவ்வொரு பயிற்சி விமானத்திலும் அதே ஏற்பாடு இருக்கிறது.

பெனோவின் ஏற்பாட்டில் இன்னொரு செய்தி அடங்கியிருக்கிறது. பின்னால் தேவைப்படும் என்பதால் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஈர்ப்பு மையம் முன்னால் போகப் போக மூக்கைத் தூக்கிப் பிடிக்க வால் மேலும் மேலும் கீழ்நோக்கி அழுத்த வேண்டியிருக்கிறது. அந்த அழுத்தம் வேகத்தைப் பொறுத்தது. வேகம் கூடினால் வால் அதிகமாக அழுத்தும், மூக்கு எழும். வேகம் குறைந்தால் அழுத்தம் குறையும், மூக்கு தாழும். ஆகவே மூக்குக் கனம் மிகுந்த விமானம் வேகத்துக்கு வேகம் வேறுபட்ட முகம் காட்டும்.

இப்போது முதல் கேள்விக்குத் திரும்பலாம்: எடை எங்கே இருக்கிறது என்று சரியாக அளப்பது எப்படி? விரல்நுனி முறை தவறல்ல, ஆனால் விரல் தடிமனானது. அது தொடும் இடம் ஒரு சென்டிமீட்டர் அகலம் இருக்கும்போது, என் விமானத்தில் அதுவே இறக்கை அகலத்தின் நாலரை சதவீதம். நிலைத்தன்மை இடைவெளியில் மூன்றில் ஒரு பங்கை விரலின் தடிமனே விழுங்கிவிடக்கூடும். ஒரு பலகையில் இரண்டு குச்சிகளை நட்டு, அவற்றின் தலையில் ரப்பர் வைத்த பென்சில் நுனிகளைப் பொருத்தி, இறக்கையின் அடியில் பேனாவால் இட்ட குறிகளை அவற்றின்மேல் வைத்தால் ஒரு மில்லிமீட்டர் வேறுபாடுகூடத் தெரியும். இறக்கை மேலே உள்ள விமானத்தை அப்படியே வைக்கலாம். உடல் கீழே தொங்குவதால் ஊசல்போல ஆடி அமைதியாக நிற்கும். இறக்கை அடியில் உள்ள விமானத்தைத் தலைகீழாகத்தான் வைக்க வேண்டும். நேராக வைத்தால் எடை முழுவதும் தாங்கும் புள்ளிக்கு மேலே இருக்கும், சற்றே சாய்ந்தாலும் குப்புற விழும். அதைப் பார்த்து எது கனம் என்று சொல்லவே முடியாது.

அளக்கும்போது விமானம் பறக்கும் நிலையில் இருக்க வேண்டும்: பேட்டரி தன் இடத்தில், புரொப்பெல்லர் மாட்டி இறுக்கப்பட்டு, மூடிகள் மூடி, சக்கரம் மடங்குவதானால் மடக்கி. எரிபொருளில் ஓடும் விமானமானால் தொட்டி காலியாக இருக்க வேண்டும். தொட்டி பெரும்பாலும் ஈர்ப்பு மையத்துக்கு முன்னால் இருப்பதால், எரிபொருள் தீரத் தீர மையம் பின்னால் நகரும். தரையிறங்கும் நேரத்தில்தான் அது மிகவும் பின்னால் இருக்கும். அந்த மோசமான நிலைக்கே நாம் சரிசெய்து வைக்க வேண்டும்.

பெரிய விமானங்களைத் தூக்கிப் பிடிக்க முடியாது. அவற்றுக்குத் தராசு முறை. சமையலறை டிஜிட்டல் தராசு போதும். என் விமானத்துக்கும் அதைச் செய்து பார்த்தேன். முன்சக்கரங்களின் அச்சு இறக்கையின் முன்விளிம்பிலிருந்து 10 மி.மீ. பின்னால்; அந்த அச்சிலிருந்து வால் சக்கரம் 720 மி.மீ. தொலைவு. வாலைத் தூக்கி, உடல் கிடைமட்டமாகும்படி மரக்கட்டை அடுக்கி, கட்டையின் எடையைக் கழித்தபின், வால் சக்கரத்தில் தராசு 107 கிராம் காட்டியது. 107ஐ 720ஆல் பெருக்கி மொத்த எடையான 1200ஆல் வகுத்தால் 64. அதோடு அச்சு இருக்கும் 10ஐக் கூட்டினால் ஈர்ப்பு மையம் முன்விளிம்பிலிருந்து 74 மி.மீ.இல். பென்சில் நுனிகளும் அதையே சொல்லின. வரைபடக் குறிக்கு 10 மி.மீ. பின்னால்: வால் கனம்.

பத்து மில்லிமீட்டர் என்பது சுண்டுவிரல் அகலம்தான். ஆனால் 14 சதவீதமாக இருக்க வேண்டிய நிலைத்தன்மை இடைவெளி 10க்கும் கீழே இறங்கிவிட்டது என்று பொருள். முதல் பறப்புக்கு அது வேண்டாம்.

சரிசெய்வதற்கு இருவழி: இருப்பதை நகர்த்துவது, இல்லாததைச் சேர்ப்பது. கிணற்று ஏற்றத்தின் துலாமேல் நடப்பவர் தன் உடலெடையில் ஒரு கிராமையும் கூட்டுவதில்லை, குறைப்பதில்லை; முன்னும் பின்னும் நடந்தே துலாவைத் தாழ்த்தி உயர்த்துகிறார். மாதிரி விமானத்தில் அப்படி நடக்கக்கூடியது பேட்டரி. மொத்த எடையான 1200 கிராமை 10 மி.மீ. நகர்த்தும் வேலை 12,000. 190 கிராம் பேட்டரி அதைச் செய்ய 63 மி.மீ. முன்னால் போக வேண்டும். மூக்கில் இடம் இருந்தால் அதோடு காரியம் முடிந்தது, எடையும் கூடவில்லை. இடம் இல்லையென்றால் ரேடியோ ரிசீவரையும் மோட்டாரின் வேகக் கட்டுப்பாட்டுச் சுற்றையும் முன்னால் கொண்டுபோகலாம்; கட்டும்போதே யோசித்தவர் வால் சர்வோக்களைக்கூட இறக்கைக்கு அடியில் வைத்திருப்பார். கடைசி வழிதான் ஈயம். மூக்கின் நுனி, வேண்டிய மையத்திலிருந்து 230 மி.மீ. முன்னால் இருப்பதால், 12,000ஐ 230ஆல் வகுத்தால் 52 கிராம் ஈயம் தேவை. வீல் பேலன்சிங் செய்யும் டயர் கடைகளில் கிடைக்கும், பின்பக்கம் பசையோடு 5 கிராம், 10 கிராம் துண்டுகளாக வரும் எடைகள் இதற்கு மிகப் பொருத்தமானவை. ஆனால் ஒட்டுப்பசையை மட்டும் நம்பக் கூடாது; பறக்கும்போது கழன்று விழுந்தால் மையம் ஒரே கணத்தில் பின்னால் பாயும். திருகோ, எபாக்சிப் பசையோ கொண்டு இறுக்க வேண்டும்.

இதே கணக்கை வால் பக்கமிருந்து பார்த்தால்தான் அதன் கடுமை புரியும். வால் மையத்திலிருந்து சுமார் 700 மி.மீ. தொலைவில் இருக்கிறது. 12,000ஐ 700ஆல் வகுத்தால் 17 கிராம். வாலில் 17 கிராமைக் குறைத்திருந்தால் மூக்கில் 52 கிராம் ஈயம் தேவைப்பட்டிருக்காது. வாலில் கூடுகிற ஒவ்வொரு கிராமும் மூக்கில் மூன்று கிராமைக் கேட்கிறது. வால் பலகைக்கு எடை குறைந்த பால்சா மரத்தைத் தேடித் தேடிப் பொறுக்குகிறவர்களின் பொறுமைக்கு இதுவே காரணம்.

இந்தப் பாடத்தை நான் வேறொரு விமானத்தைக் கொடுத்துத்தான் கற்றேன். கோடையில் வற்றிய ஏரித்திடலில் தரையிறங்கும்போது அதன் வால் முறிந்தது. அன்றிரவே எபாக்சி பூசி, இரு பக்கமும் மெல்லிய பிளைவுட் வைத்து ஒட்டினேன். ஒட்டு உறுதியாக இருந்தது. அதைத்தான் தட்டித் தட்டிப் பார்த்தேனே தவிர, விரலில் தூக்கிப் பார்க்கவில்லை. மறுநாள் காலை அது தரையை விட்டதும் மூக்கைத் தூக்கியது, வால் பலகையின் பின்விளிம்பில் அசையும் பகுதியான எலிவேட்டரைக் கீழே தள்ளியதும் கவிழ்ந்து தாழ்ந்தது, இழுத்ததும் முன்னைவிட அதிகமாக எழுந்து, பக்கவாட்டில் புரண்டு, பத்து விநாடிக்குள் மண்ணில் குத்தியது. சிதறியவற்றைப் பொறுக்கி வந்து வாலை மட்டும் எடைபோட்டேன். பசையும் பிளைவுட்டுமாக 20 கிராம் கூடியிருந்தது. மையம் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் பின்னால் போயிருந்தது. பழுது பார்த்த விமானத்தையும் புது விமானமாகவே கருதி மறுபடி அளப்பது அன்றிலிருந்து என் வழக்கம்.

பக்கவாட்டுச் சமநிலையைப் பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. மூக்கின் மையத்தில் ஒரு நூலும் வாலில் ஒரு நூலும் கட்டித் தூக்கினால் கனமான இறக்கை தாழும்; இலேசான இறக்கையின் நுனியில் சில கிராம் சேர்த்தால் போதும். முன்பின் சமநிலைபோல இது உயிரை எடுக்காது.

தரையில் செய்ய வேண்டியது இவ்வளவுதான். ஆனால் கணக்கு தோராயமானது, இறக்கையின் கோணமும் எஞ்சினின் சாய்வும் கட்டியவரின் கையைப் பொறுத்தவை. இறுதித் தீர்ப்பு பறப்பில்தான் கிடைக்கும். அந்தத் தீர்ப்பைப் படிப்பதில் ஒரு பெரிய பொறி இருக்கிறது. விமானம் எழுவதும் தாழ்வதுமாக அலை அலையாகப் போகிறது என்றால் என்ன கோளாறு? வால் கனம் என்று உடனே சொல்லத் தோன்றும். ஆனால் மூக்குக் கனமான விமானமும் அப்படியே செய்யும். கனத்த மூக்கைத் தாங்க எலிவேட்டரைச் சற்று மேலேயே நிற்கும்படி டிரிம் செய்திருப்போம்; மோட்டாரின் வேகத்தைக் கூட்டியதும் வால் அதிகமாக அழுத்த, மூக்கு எழும்; ஏறும்போது வேகம் குறைய, மூக்கு விழும்; விழும்போது வேகம் கூட, மறுபடி எழும். இதைப் பார்த்து வால் கனம் என்று முடிவுகட்டி மூக்கில் இன்னும் ஈயம் வைப்பவர்களை நான் கண்டிருக்கிறேன். ஈயம் வைக்க வைக்க அலை பெரிதாகும். அவர்கள் இன்னும் ஈயம் தேடுவார்கள். அடையாளம் இதுதான்: மூக்குக் கனத்தின் அலை நீளமானது, மெதுவானது, ரேடியோவின் கட்டுப்பாட்டுக் குச்சியைத் தொடாவிட்டாலும் ஒரே தாளத்தில் வரும், தரையிறங்கும்போது எலிவேட்டரை முழுவதும் இழுத்தாலும் மூக்கு எழ மறுக்கும். வால் கனம் குச்சியின் சிறு அசைவுக்கே துள்ளும். கையை எடுத்தால் தானாக அடங்காது. வேகம் குறைந்ததும் முன்னறிவிப்பின்றி ஓர் இறக்கை சாய்ந்து சுழலத் தொடங்கும்.

எழுவதும் தாழ்வதுமான பறப்பைப் பார்த்துத் தவறான திசையில் எடையை நகர்த்துவது கற்றுக்குட்டிகள் மட்டும் செய்த பிழை அல்ல. ரைட் சகோதரர்களின் விமானத்தில் கிடைமட்டப் பலகை முன்னால் இருந்தது. அந்த அமைப்பில் நடுநிலைப் புள்ளி வெகுவாக முன்னால் வந்துவிடும். அவர்களின் ஈர்ப்பு மையம் அதற்குப் பின்னால் இருந்தது. 1903 டிசம்பர் 17 அன்று அது பறந்ததெல்லாம் விமானியின் கை இடைவிடாமல் திருத்திக்கொண்டிருந்ததால்தான். 1904இல் ஒஹையோ மாநிலத்தில் டேட்டனுக்கு அருகே ஹஃப்மன் புல்வெளியில் பறந்தபோது இந்த அலைபாய்ச்சலை ஒழிக்க அவர்கள் எடையைப் பின்னால் நகர்த்திப் பார்த்தார்கள். பறப்பு மோசமானது. பிறகு எதிர்த்திசைக்கு வந்து, முன்பகுதியில் சுமார் 32 கிலோ இரும்பைக் கட்டினார்கள், கட்டுப்பாடு மேம்பட்டது. ஈர்ப்பு மையம் நடுநிலைப் புள்ளிக்கு எந்தப் பக்கம் இருக்கிறது என்பதைச் சொல்லும் கோட்பாடு அன்று அவர்கள் கையில் இல்லை. நம் கையில் இருக்கிறது.

அந்தக் கோட்பாட்டை நேரடியாகக் கண்ணால் பார்க்க உதவுவது பாய்ச்சல் சோதனை. போதிய உயரத்தில் விமானத்தை நடுத்தர வேகத்தில், குச்சியைத் தொடாமல் நேராகப் பறக்கும்படி டிரிம் செய்ய வேண்டும். பிறகு மோட்டாரைக் குறைத்து, மூக்கை 30 முதல் 45 டிகிரி வரை கீழே தள்ளி, குச்சியை விட்டுவிட வேண்டும். பாய்ச்சலில் வேகம் கூடுகிறது. விமானம் சட்டென்று வளைந்து மேலே ஏறினால், வால் அதிகமாக அழுத்தும்படி டிரிம் செய்யப்பட்டிருக்கிறது, அதாவது மூக்குக் கனம். நீண்ட வில்போல மெதுவாகத் தன் மட்டத்துக்கு வந்தால் நல்ல இடத்தில் இருக்கிறது. விட்ட கோணத்திலேயே நேராகப் போனால் இடைவெளி மிகக் குறைவு. பாய்ச்சல் மேலும் செங்குத்தானால் மையம் நடுநிலைப் புள்ளியைத் தொட்டுவிட்டது, உடனே மீட்டுத் தரையிறக்க வேண்டும். எஞ்சின் கீழ்நோக்கிச் சாய்ந்திருந்தாலோ வால் பலகை வளைந்து கொடுத்தாலோ இந்தச் சோதனை ஏமாற்றும். அதனால் மோட்டாரைக் குறைத்துச் செய்வதும், மூன்று நான்கு முறை செய்வதும், மிதமான வேகத்தைத் தாண்டாமல் இருப்பதும் அவசியம். தலைகீழாகப் பறக்கத் தெரிந்தவர்களுக்கு வேறொரு வழி உண்டு: தலைகீழாகப் புரட்டிய பின் மட்டமாகப் பறக்க எலிவேட்டரை எவ்வளவு தள்ள வேண்டியிருக்கிறதோ அந்த அளவுக்கு மூக்குக் கனம்.

என் பயிற்சி விமானத்தை 64 மி.மீ.இல் முதலில் பறக்கவிட்டேன். பத்திரமாகப் பறந்தது, ஆனால் மந்தமாக இருந்தது. பாய்ச்சலிலிருந்து விறுவிறுவென்று மேலே வளைந்தது. தரையிறங்கும்போது மூக்கைத் தூக்க எலிவேட்டர் முழுவதும் தேவைப்பட்டது. பேட்டரியை ஒவ்வொரு பறப்புக்கும் 10 மி.மீ. பின்னால் நகர்த்தினேன். 190 கிராம் பேட்டரி 10 மி.மீ. நகர்ந்தால் மையம் 1.6 மி.மீ. நகரும், ஒரு நேரத்தில் அதற்கு மேல் நகர்த்துவது அவசரம். ஒவ்வொரு முறையும் டிரிம்மைச் சரிசெய்து, மறுபடி பாய்ச்சல் சோதனை. ஐந்து முறை நகர்த்திய பிறகு, மையம் 72 மி.மீ.இல் நின்றபோது, பாய்ச்சலிலிருந்து அது அகலமான வில்லாக மெல்ல எழுந்து மட்டத்துக்கு வந்தது. தரையிறங்கும்போது எலிவேட்டரைப் பாதி இழுத்தாலே மூக்கு நின்றது.

முதல்முதலில் தராசில் கண்ட 74க்கு இது இரண்டே மில்லிமீட்டர் முன்னால். அப்படியென்றால் 64க்குப் போய்வந்தது வீண் என்று தோன்றலாம். 74இல் தொடங்கியிருந்தால், கோணங்களில் ஏதாவது பிசகு இருந்து நடுநிலைப் புள்ளி கணக்குக்கு முன்னால் இருந்திருந்தால், அதைத் தெரிந்துகொள்ள இரண்டாவது பறப்பு கிடைத்திருக்காது. முன்னாலிருந்து பின்னால் போகும் வழியில் ஒவ்வொரு படியும் திரும்பி வரக்கூடியது. பின்னாலிருந்து முன்னால் வரும் வழியில் முதல் படியே கடைசியாகிவிடக்கூடும்.

பேட்டரியின் முன்முனை நிற்கும் இடத்தில், தட்டின் பிளைவுட்டில், கறுப்பு மார்க்கரால் ஒரு கோடு இழுத்து, பக்கத்தில் '190 கிராம், 72' என்று எழுதி வைத்திருக்கிறேன். அதைவிடக் கனமான பேட்டரி வாங்கினால் அந்தக் கோடு செல்லாது. புதிதாக அளந்து புதுக் கோடு இழுக்க வேண்டும்.